பனியில் அப்படி என்னதான் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பனி என்றால் பித்து. குளிர்காலம் வந்தால் மற்றவர்கள் போர்வையைத் தேடுவார்கள், நான் பூட்ஸைத் தேடுவேன். அதனால் பனியில் நடப்பது, சறுக்குவது, இரவு தங்குவது பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேராக என்னிடம் வருகிறார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

பனியில அப்படி என்னதான் இருக்கு? எங்க பார்த்தாலும் வெள்ளை, அவ்வளவுதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். இறங்கி நடந்தால் காலையில் மிதித்த பனியும் மதியம் மிதிக்கும் பனியும் ஒன்றாக இருக்காது. புதிதாக விழுந்த உலர்பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. அந்தக் காற்று இடுக்குகள் ஒலியை விழுங்கிவிடுவதால்தான் பெரிய பனிப்பொழிவு ஓய்ந்ததும் சுற்றுப்புறமே வாயடைத்துப் போகிறது. வெப்பநிலை மைனஸ் பத்துக்குக் கீழே போனால் அடிக்கு அடி கிறீச்சென்று கத்தும். அந்தக் குளிரில் துகள்கள் வழுக்கி விலகாமல் உரசி உடைவதால் வரும் சத்தம் அது. காதை வைத்தே குளிரைக் கணிக்கலாம்.

அப்புறம் தடங்கள். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டிப் போய் விழும். அதனால் பனியில் பெரிய தடம் இரண்டு முன்னாலும் சிறியவை இரண்டு பின்னாலும் பதியும். இது தெரியாதவர் முயல் வந்த வழியிலேயே அதைத் தேடிப் போவார்! ராத்திரி முழுக்க யார் வந்தார்கள், எங்கே நின்றார்கள், எங்கே மிரண்டு ஓடினார்கள் என்று எல்லாம் காலையில் அப்படியே கிடக்கும். வேறு எந்தப் பருவத்திலும் நிலம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை.

எனக்குக் குளிரே ஒத்துக்காது. நானெல்லாம் போக முடியுமா?

முடியும். குளிர் ஒத்துக்காது என்பவர்களில் பலர் குளிரில் சும்மா நின்றவர்கள். நடக்கும் உடம்பு தானாகவே நிறையச் சூடு உண்டாக்கும். அந்தச் சூட்டைத் திருடுபவை இரண்டு: ஈரமும் காற்றும். இவை இரண்டையும் சமாளித்துவிட்டால் வெறும் குளிர் அவ்வளவு பெரிய விஷயமில்லை. இந்தப் பக்கத்தில் பாதிப் பதில்கள் இங்கேதான் வந்து நிற்கும்.

குளிர் பட்டதும் விரல் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ பாதிப்போ, இதய நோயோ, ஆஸ்துமாவோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்தணும்? நல்ல தடிமனா ஒரு கோட் இருந்தா போதாதா?

போதாது. தடிமனான கோட்டில் இரண்டே நிலைதான்: போட்டால் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். மெல்லிய உடைகளை அடுக்காகப் போட்டால் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, அது வியர்வையை வெளியே கடத்தும். நடுவில் காற்றைச் சிறைப்பிடிக்கும் ஃபிலீஸ் அல்லது கம்பளி. மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். நிற்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே மாட்டிக்கொள்ள, இறகோ செயற்கைப் பஞ்சோ நிரப்பிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான்.

உடையை விட முக்கியமானது அதைக் கையாளும் பழக்கம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், வேர்த்த பிறகு அல்ல. நின்றவுடன் மேல் ஜாக்கெட்டைப் போடுங்கள், குளிர்ந்த பிறகு அல்ல. புதிதாக வருபவர்கள் மற்றவர்களை நிறுத்தக் கூச்சப்பட்டு வேர்த்தபடியே நடப்பார்கள். கூச்சமே வேண்டாம், பழகியவர்கள்தான் அடிக்கடி நின்று கழற்றி மாட்டுவார்கள்.

ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் விரல் விறைச்சுப் போகுதே?

இரண்டு போட்டதால்தான். இரண்டாவது சாக்ஸ் பூட்ஸுக்குள் இடத்தை அடைத்து இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. விரல்களை ஆட்ட இடமிருக்கும் பூட்ஸும் நல்ல கம்பளி சாக்ஸ் ஒன்றும் போதும். கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த உறையைவிட நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் உறையே சூடு. அதற்குள் மெல்லிய உள்ளுறை ஒன்று இருந்தால், ஜிப்பைத் திறக்கும்போது விரல் வெறுமையாகாது.

விரல் குளிர்ந்தால் விரலை மட்டும் பார்க்காதீர்கள். உடம்பின் நடுப்பகுதிக்குச் சூடு போதாதபோது கைகால்களுக்குப் போகும் இரத்தத்தை உடம்பே குறைத்துக்கொள்ளும். தொப்பி போடுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், வேகமாக நடங்கள். கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றினால் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

மேகமூட்டமா இருக்கு. கறுப்புக் கண்ணாடி எதுக்கு?

புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதைத் தடுத்துவிடாது. கண்ணாடி போடாமல் பகல் முழுக்க நடந்தால், அன்று மாலை கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். அதுதான் பனிக்குருடு. ஓரிரு நாளில் சரியாகிவிடும், ஆனால் அதுவரை நரகம். வெளிச்சம் கீழேயிருந்தும் வருவதால் சன்ஸ்கிரீனை முகவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தை ஒட்டியும் தடவ வேண்டும்.

தண்ணி சுமக்கணுமா என்ன? சுத்திப் பனிதானே, எடுத்துத் தின்னா போச்சு!

ஒரு கிராம் பனியை உருக்க மட்டுமே 80 கலோரி வெப்பம் வேண்டும். பூஜ்யத்தில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரிக்குச் சுட வைக்க ஆகும் சூடு அது. இதை உங்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு வாய் ஆசைக்குத் தின்னலாம், தாகத்துக்கு அடுப்பில் உருக்கித்தான் குடிக்க வேண்டும். உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன்மேல் பனியைப் போடுங்கள். வெறும் பனியை வைத்தால் அடி தீயும்.

பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால் மூடிப் பக்கம் திறந்தே இருக்கும். கோடைத் தொடக்கத்தில் மலைப்பனியில் தர்ப்பூசணி நிறத்தில் திட்டுகள் தெரிந்தால் அது ஒருவகைப் பாசி. பார்க்க அழகு, உருக்கிக் குடிக்க வேண்டாம்.

போன்ல சார்ஜ் பாதி இருக்கும், திடீர்னு அணைஞ்சிடுதே?

குளிரில் லித்தியம் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிவிடும். சூடானதும் மீண்டும் உயிர் வரும். உள் சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். வழி பார்க்கப் போனை மட்டும் நம்பிப் போகாதீர்கள், காகித வரைபடத்துக்குச் சார்ஜ் வேண்டாம்.

முதல் தடவைன்னா எதுல ஆரம்பிக்கலாம்? நடையா, ஸ்னோஷூவா, சறுக்கா?

கணுக்கால் ஆழத்துக்குள் என்றால் சாதாரண நடை. அதற்கு மேல் ஸ்னோஷூ, அதாவது பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். அது உடம்பின் எடையைப் பரப்பி, புதைவதைக் குறைக்கும். கற்க வேண்டியது அதிகமில்லை, காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தால் போதும். சமதளத்தில் தூரம் போக ஆசையிருந்தால் குறுக்குநாட்டுச் சறுக்கு. குதிகால் விடுபட்டிருக்கும் மெல்லிய பலகைகள், உடம்பு முழுக்க உழைக்கும். இதற்கு வரலாறும் நீளம்: சக்கரம் உருளத் தொடங்கும் முன்பே மனிதர்கள் பலகை கட்டிப் பனியில் போயிருக்கிறார்கள். 1888-ல் நார்வேயின் நான்சென் குழு கிரீன்லாந்தை முதன்முதலாகக் குறுக்கே கடந்ததும் இப்படித்தான்.

மலையிறங்கும் சறுக்கைப் பயிற்சியாளரிடம்தான் கற்க வேண்டும். நண்பர் கற்றுத் தருகிறேன் என்று உச்சிக்கு அழைத்துப் போனால் நட்புதான் முதலில் உடையும். எங்கே தொடங்கினாலும் பக்கவாட்டில் விழவும், பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழவும் முதலில் பழகுங்கள்.

மைனஸ் பத்துன்னு போட்டிருக்கு, பக்கத்துல 'உணர்வது மைனஸ் இருபது'ன்னும் இருக்கு. எதை நம்ப?

இரண்டையும். உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் கதகதப்பான காற்றுப்படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. அந்த இழப்பைக் காற்றில்லாத நாளின் குளிரோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் 'உணர்வது' என்கிற எண். இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் கணக்கு 2001-ல் வந்தது. அதன்படி மைனஸ் 10-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் மைனஸ் 20. மைனஸ் 20-ல் அதே காற்று என்றால் மைனஸ் 33.

இது திறந்த தோலுக்கான கணக்கு. பாட்டில் தண்ணீர் சீக்கிரம் குளிருமே தவிர, எவ்வளவு காற்றடித்தாலும் மைனஸ் 10-க்குக் கீழே போகாது. இன்னொன்று: வேகமாகச் சறுக்கி இறங்கும்போது காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். கன்னத்தையும் மூக்கையும் மூடிக்கொண்டு இறங்குங்கள்.

குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. ஆனால் நீங்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலோ முதுகுத் தொட்டிலிலோ இருக்கும் குழந்தை நடக்கவில்லை, அதனால் சூடும் உண்டாக்கவில்லை. உங்களுக்கு வேர்க்கும் நேரத்தில் அதற்கு விறைக்கும். உங்கள் உணர்வை வைத்து முடிவு செய்யாமல், அடிக்கடி நின்று அதன் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். தூரத்தைக் குறைத்துக்கொண்டு, பனியில் புரள நேரம் கொடுங்கள். குழந்தைக்குச் சிகரமெல்லாம் தேவையில்லை, ஒரு மேடு போதும்.

உறைஞ்ச ஏரி மேல நடக்கலாமா?

தெளிந்த, திடமான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. வெண்மையான, குமிழி நிறைந்த கட்டிக்குப் பலம் பாதிதான், எனவே அதற்கு இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். ஒரே ஏரியில் இடத்துக்கு இடம் தடிமன் மாறும். ஓடை வந்து சேரும் இடம், நாணல் ஓரம், பாலத்தடி எல்லாம் மோசம். மேலே பனி மூடியிருந்தால் அது கம்பளி போலக் கட்டியைக் காத்துத் தடிப்பாக விடாது, மெலிந்த இடத்தையும் மறைத்துவிடும். துளையிட்டு அளந்தபடிதான் போக வேண்டும்.

விழுந்துவிட்டால் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் பயன்படும் வரை சுமார் 10 நிமிடம், நினைவு தப்பும் வரை சுமார் 1 மணி நேரம். எனவே பதறி முதல் நிமிடத்தை வீணாக்காதீர்கள். வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தப் பக்கக் கட்டி உங்களைத் தாங்கியதாவது தெரியும். காலை உதைத்து உடம்பைப் படுக்கைவாட்டுக்குக் கொண்டுவந்து, வயிற்றால் ஏறி, உருண்டே விலகுங்கள். எழுந்து நிற்காதீர்கள்.

விரல் உறைஞ்சா பனியைப் போட்டுத் தேய்க்கணும்னு சொல்றாங்களே?

தேய்க்கவே கூடாது. உறைந்த திசுவுக்குள் பனிப்படிகங்கள் இருக்கின்றன, தேய்த்தால் அவை உள்ளேயே கிழிக்கும். தோல் வெளுத்து, மெழுகு போலாகி, உணர்வு போயிருந்தால் அதுதான் உறைபனிக் காயம். லேசாக வெளுக்கும்போதே கவனித்தால் விரலை அக்குளில் வைத்துச் சரிசெய்துவிடலாம். கூட வருபவரின் மூக்கையும் கன்னத்தையும் அவ்வப்போது பாருங்கள், அவரால் தன் மூக்கைப் பார்க்க முடியாதே.

ஆழமாக உறைந்திருந்தால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்க வேண்டும். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவே வேண்டாம். இளகி மறுபடி உறைவது முதல் உறைவைவிடக் கொடுமை. அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். நெருப்பில் காட்டாதீர்கள். உணர்வில்லாத விரல் வெந்தாலும் தெரியாது.

கூட வந்தவர் நடுங்கறார். ஒரு வாய் பிராந்தி கொடுத்தா சூடு வருமே?

சூடு வருவதுபோல் இருக்கும், ஆனால் போகும். மது தோலடி இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியேறிவிடும்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. பேச்சு குழறும், கால் தடுமாறும், ஜிப்பைப் போட வராது, காரணமில்லாமல் எரிந்து விழுவார். "எனக்கு ஒண்ணுமில்லை" என்பதும் பல நேரம் அறிகுறிதான். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. சூடாகாமலே நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும். காற்றில்லாத இடம், ஈர உடை நீக்கம், கீழே தரையிலிருந்து காக்க விரிப்பு, மேலே போர்வை, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம். நிலைமை முற்றியிருந்தால் உடனே மீட்புக் குழுவை அழையுங்கள். மிக மென்மையாகக் கையாளுங்கள், குளிர்ந்த இதயம் ஒரு குலுக்கலில் தாளம் தவறும்.

மலையில சத்தம் போட்டா பனிச்சரிவு வரும்ங்கிறது நிஜமா?

இல்லை. மனிதக் குரலின் அழுத்தம் அதற்கு மிகவும் குறைவு. ஆனால் மனிதனின் எடை போதும். பனிச்சரிவில் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்கள் குழுவோதான். மேலே இறுகிய பலகை போன்ற அடுக்கு, அடியில் சர்க்கரை போல உதிரும் பலவீனமான அடுக்கு. நீங்கள் மிதித்ததும் அடியடுக்கு நொறுங்கி, விரிசல் நொடியில் பரவி, மேல் பலகை மொத்தமாக வழுக்கிக் கிளம்பும். பெரும்பாலும் இது 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கும். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அடிக்கடி சின்னச் சின்னதாகவே உதிர்ந்துவிடும். சாய்வை அளக்கச் சின்னக் கருவி உண்டு, வாங்கி வையுங்கள். நீங்கள் சமதளத்தில் நின்றாலும் மேலே அப்படியொரு சரிவு இருந்தால் நீங்களும் அதன் பாதையில்தான் இருக்கிறீர்கள்.

பனி முன்கூட்டியே சொல்லும். பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், 'வும்ப்' என்று நிலமே அமுங்கும் சத்தம், முந்தின நாள் கடும் பனிப்பொழிவு அல்லது காற்று, திடீர் வெப்பம். இதில் ஒன்று இருந்தாலும் திரும்புங்கள். அபாய முன்னறிவிப்பில் 5 நிலைகள் உண்டு. 3 என்பது நடுவில்தானே என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். உயிரிழப்பில் பெரும்பங்கு அந்த 3-ம் நிலை நாட்களில்தான் நடக்கிறது.

பீக்கன், கம்பு, மண்வெட்டி எல்லாம் வாங்கிட்டேன். இனி சரிவுல இறங்கலாம்ல?

அவை உங்களைக் காப்பதற்கல்ல, பனிச்சரிவில் புதைந்த நண்பரை நீங்கள் தேடுவதற்கு. பீக்கன் என்பது உடம்போடு கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பை அனுப்பும். மற்றவர்கள் அதைப் பிடித்து, கம்பால் குத்தி இடம் பார்த்து, தோண்ட வேண்டும். முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர். வெளியிலிருந்து மீட்புக் குழு வரும் நேரம் அல்ல இது. தோண்டுவதற்குத்தான் அதிக நேரம் போகும் என்பதால் மண்வெட்டியோடு பழகாதவர் பீக்கன் வாங்கிப் பயனில்லை. போனைப் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. மரத்திலோ பாறையிலோ மோதினால் எந்தக் கருவியும் உதவாது.

எனக்கு இதில் கறாரான கருத்து உண்டு: கருவி வாங்கும் முன் பயிற்சி வகுப்பு. அதுவரை 30 டிகிரியைவிடச் சாய்வு குறைந்த, முந்தின பதிலில் சொன்னபடி மேலேயும் செங்குத்துச் சரிவு இல்லாத இடங்களே போதும். அங்கேயே ஆயுசுக்கும் சுற்றலாம். வேறொருவரின் தடம் இருக்கிறது என்பதும் பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை. அடுக்கின் பலவீனமான புள்ளியை அவர் மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பனிக்குள்ள குழி தோண்டித் தூங்கினா விறைச்சுப் போயிட மாட்டாங்களா?

முதல் பதிலில் சொன்ன, பனியின் இடுக்குகளில் சிக்கிய அதே காற்றுதான் இங்கே காப்பாற்றுகிறது. வெளியே மைனஸ் 20 என்றாலும் நன்றாகக் கட்டிய பனிக்குகைக்குள் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், காற்றும் வராது. கூடாரத்தைவிட அமைதி. சமதளத்தில் என்றால் பனியைக் குவித்து, ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். சுற்றிலும் 30 சென்டிமீட்டர் நீளக் குச்சிகளைச் செருகி, குச்சி முனை தெரியும் வரை உள்ளே குடையுங்கள். சுவர் தடிமன் தானாக அமையும். வாசல் கீழே, படுக்கும் மேடை மேலே. குளிர்ந்த காற்று கீழே வடியட்டும். கூரையை வழவழப்பாக்கினால் உருகிய நீர் தலையில் சொட்டாமல் சுவரோடு வழியும்.

ஆபத்து குளிரில் இல்லை, மூச்சில் இருக்கிறது. கூரையில் ஒரு காற்றுத்துளை கட்டாயம், இரவில் அடைபடாமல் பார்க்க வேண்டும். உள்ளே அடுப்பு பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மண்வெட்டி உள்ளேயே இருக்கட்டும். குடையும்போது தொப்பலாக நனைவீர்கள், மாற்று உடை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஒரு பனிப்படிகம் மாதிரி இன்னொண்ணு இருக்காதாமே?

நட்சத்திர வடிவப் படிகங்களைப் பொறுத்தவரை நடைமுறையில் உண்மை. தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால் ஆறு கை. ஒவ்வொரு கையும் எப்படிக் கிளைக்கும் என்பது விழும் வழியில் சந்திக்கும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. அமெரிக்காவில் வெர்மான்ட்டின் விவசாயி வில்சன் பென்ட்லி 1885-ல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தித் தொடங்கி, வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்தார். 1936-ல் ஜப்பானின் ஹொக்கைடோவில் விஞ்ஞானி உகிசிரோ நகாயா ஆய்வகத்திலேயே, முயல் முடியின் நுனியில், படிகம் வளர்த்தார். மைனஸ் 2 அருகே தட்டு, மைனஸ் 5 அருகே ஊசி, மைனஸ் 15 அருகே கிளைவிட்ட நட்சத்திரம் என்று வடிவம் மாறும்.

கறுப்புச் சட்டைக் கையில் விழ விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சின்ன லென்ஸால் பாருங்கள். அதிகமாக ஊசி விழுந்தால் மேகத்தில் மைனஸ் 5 அளவில்தான் குளிர் என்று தரையிலிருந்தே சொல்லலாம்.

முட்டி வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. இதெல்லாம் எத்தனை வயசு வரைக்கும்?

குறுக்குநாட்டுச் சறுக்கில் கால் தரையில் மோதுவதில்லை என்பதால் மூட்டுக்கு ஓட்டத்தைவிட இதம். கனடாவில் அதைப் பரப்பிய ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன் 111 வயது வாழ்ந்தார், நூறைத் தாண்டியும் சறுக்கினார். எல்லோருக்கும் அது வாய்க்காது, சரி. இரண்டு ஊன்றுகோல், குறுகிய வழி, செங்குத்தான இறக்கத்தைத் தவிர்ப்பது என்று மாற்றிக்கொண்டால் நெடுநாள் ஓடும். வயதானவர்கள் நடையைவிட அஞ்ச வேண்டியது வாசல் பனியை மண்வெட்டியால் வாரிப்போடுவதை. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்க, தூக்கும் வேலை இதயத்தைத் திணறவைக்கும்.

குளிர்காலமே சுருங்கிட்டு வருது. இப்ப போய் இதையெல்லாம் கத்துக்கிட்டு என்ன பண்ண?

சுருங்குவது உண்மைதான். வட அரைக்கோளத்தில் வசந்தகாலப் பனிப்பரப்பு குறைந்துவருவதைச் செயற்கைக்கோள் பதிவுகள் காட்டுகின்றன. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பனியே இல்லாமல் போய்விடவில்லை, அதன் குணம் மாறுகிறது. நடுக்குளிரில் மழை பெய்து மறுநாள் கண்ணாடி போல் உறைவது பல இடங்களில் இப்போது சகஜம். எனவே ஸ்னோஷூவோடு, பூட்ஸில் மாட்டும் முள்சங்கிலியையும் பையில் போடுங்கள். ஏரிகள் தாமதமாக உறைகின்றன. "போன வருஷம் இந்தத் தேதியில் நடந்தோமே" என்ற நினைப்பில் இறங்காமல், மேலே சொன்னபடி ஒவ்வொரு முறையும் துளையிட்டு அளங்கள். மழைக்குப் பின் உறைந்த மேலோட்டின்மேல் புதுப்பனி விழுந்தால் அது சரியாக ஒட்டாமலும் போகலாம். அந்த வாரம் சரிவுப் பக்கம் போவதற்கு முன் அபாய முன்னறிவிப்பை இன்னொரு தடவை படியுங்கள்.